முன்னோட்டத்தில் மட்டும்

ஒரு நிமிடம் நாற்பதாவது நொடியில்
வெடிச்சத்தம் அடங்கியதும்
மழையில் நின்று திரும்பிப் பார்ப்பவன்
எங்கள் ஒன்பதாம் தடத்து ஓட்டுநர் ஜும்பேர்.
இரண்டே நொடி.

குத்தாயிசி பணிமனை முழுக்க
அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தது.
டீசல் போடும் நானுலி
அவன் மூக்கைப் பெரிதாக்கிக் காட்டிச் சிரித்தாள்.

படம் வெளியான அன்று
பதினேழு பேர், ஒரே வரிசை.
வெடித்தது. மழையும் வந்தது.
நனைந்த தெருவில் ஒரு நாய்
குறுக்கே போனது.

பெயர்கள் ஓடி முடிந்து
விளக்கு போட்டும் யாரும் எழவில்லை.
ஜும்பேர்தான் சொன்னான்:
"நாய் நன்றாக நடித்தது."

மறுநாள் முதல் நடை.
நிறுத்தத்துச் சுவரொட்டியில்
"விரைவில்" இன்னும் கிழியவில்லை.
கதவைத் திறந்தான். ஏற ஆளில்லை,
மழைகூட இல்லை.
திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டு
வண்டியை எடுத்தான்.