நங்கூரன் இரண்டு

முதல் படத்தில் அவனுக்குப் பறக்கத் தெரியாது.
அவ்வளவுதான் கதை.
விழுகிற எதையும் பிடிப்பான்,
பிடித்தால் விடமாட்டான்.
நாற்பத்தோராம் மாடியில் அறுந்த மின்தூக்கியின் கம்பியைப்
பதினொரு நிமிடம் பிடித்திருந்தான்
உள்ளங்கைத் தோல் உரிய உரிய.
உள்ளே எட்டுப் பேர், ஒரு மீன்தொட்டி.
பின்னணி இசைகூட இல்லை.
'நான் பிடிச்சிருக்கேன், நீங்க மூச்சு விடுங்க'
என்று மட்டும் சொன்னான்.

அப்போது நாங்கள் நால்வரும் தேசிய சேவையில்,
ஒட்ட வெட்டிய தலையோடு.
அந்தப் படம் பார்த்துத்தான்
மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலைக்கு மனுப்போட்டேன்
என்றால் அம்மா நம்பமாட்டார்.
நம்பவேண்டாம். சம்பளம் தேதிக்கு வருகிறது.

ஆறு வருடம்.
ஃபைரோஸ் நங்கூரம் அச்சடித்த சட்டை நான்கு வாங்கினான்,
எனக்கு மட்டும் வயிற்றில் இறுக்கியது.
ஜுன் ஹாவ் வேலைநேரத்தை மாற்றிக்கொண்டு
துவாஸிலிருந்து வந்துசேர்ந்தான்.
இளவழகன் எல்லாருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டுக்
காசு வேண்டாம் என்றான்.
அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

விளக்கணைந்த நான்காம் நிமிடம்
அவனுக்குச் சிறகு முளைத்தது.

'நங்கூரத்துக்கு எதுக்குடா சிறகு?'
ஃபைரோஸ் மெதுவாகத்தான் கேட்டான்,
முன்வரிசைவரை கேட்டது.
யாரும் உஷ் சொல்லவில்லை.

பிறகு வானம். மேலும் வானம்.
பேசும் நரி. திடீரென்று ஒரு தம்பி.
அழவேண்டிய இடத்தில் ஒரு ஜோக்.
நம் ஊரும் வந்தது, ஏழு நொடி.
வில்லன் புறங்கையால் தட்ட
கரையோரக் கோபுரங்கள் சீட்டுக்கட்டாய்ச் சரிந்தன.
ஊரைக் காட்டிவிட்டார்களே என்று சிலர் கைதட்டினார்கள்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்:
ஒரு கோபுரத்துக்கு இருபத்துநான்கு தூக்கி,
தூக்கிக்கு மூன்று பேர் என்றாலும்,
மதியச் சாப்பாட்டு நேரம் வேறு.
அவன் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.
பறந்துகொண்டிருந்தான்.

இரவு ஒரு மணி, பிடோக், பரோட்டாக்கடை.
நான்கு தே, ஒன்றில் சீனி குறைவு.
திட்டினோம். திட்டத் திட்டப் பசித்தது.
இன்னும் நான்கு கோசோங் சொன்னோம்.
சண்டையெல்லாம் நன்றாகத்தானே இருந்தது
என்று இழுத்த ஜுன் ஹாவை
மூவரும் பார்த்த பார்வையில்
அவன் குழம்புக் கிண்ணத்துக்குள் போய்விட்டான்.
இளவழகன் வெகுநேரம் பேசவில்லை.
கடைசியில் கேட்டான்:
'படம் கெட்டுப்போச்சா, நமக்கு வயசாயிடுச்சா?'
மேசை துடைக்க ஆள் வந்தார்.
எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டோம்.

மூன்று பத்துக்கு அழைப்பு.
நான்கு புளோக் தள்ளி,
ஒன்பதாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் நடுவில் ஒருத்தி,
உணவு விநியோகப் பையோடு.
கம்பிகள் ஆறும் அப்படியே இருந்தன.
பிரேக் தன் வேலையைச் செய்திருந்தது.
யாரும் விழப்போவதில்லை.
இருந்தாலும் கதவிடுக்கில் வாயை வைத்துச் சொன்னேன்,
சொல்லும்போதே காது சூடானது:
'நான் பிடிச்சிருக்கேன், நீங்க மூச்சு விடுங்க.'

'மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.
மீ கோரெங் ஆறிப்போகுது.
சீக்கிரம் திறங்க.'

திறந்ததும் என் சட்டையைப் பார்த்தாள்.
'படம் போனீங்களா? பிடிச்சிருந்துதா?'

முதல் படத்தில் பிடித்திருந்தான், அதனால் பிடித்திருந்தது,
இதில் கையில் ஒன்றுமேயில்லை
என்று விளக்க ஆரம்பித்தேன்.
அவள் படியிறங்கிப் பாதி மாடி போயிருந்தாள்.

பத்தாம் மாடி நடைவழியிலிருந்து கடல் தெரிந்தது.
கப்பல்கள் விளக்கேற்றிக்கொண்டு
நின்ற இடத்தில் நின்றன,
ஒன்றுகூடப் பறக்கவில்லை.

மூன்றாம் பாகம் இரண்டு வருடத்தில் என்கிறார்கள்.
போகமாட்டேன் என்று
ஃபைரோஸுக்குச் செய்தி தட்டினேன்.
அனுப்பவில்லை.