ஆறு வாரம் என்றால்

தார்த்து நகரில் நவம்பர்.
நான்கு மணிக்கே கும்மிருட்டு.
ஆய்வகத்துக்கு வெளியே, காப்பி எந்திரத்தின் பக்கத்தில்,
தார்மோ தன் திரைக்கதையை நீட்டினான்.
"நம்பும்படி இருக்கிறதா,
அதை மட்டும் சொல்லுங்கள்."

அவன் கதையில் ஒரே இரவில்
ஊர் முழுக்க வைரஸ் தொற்றிவிடுகிறது.
தொற்றியவர்கள் சிரித்தபடி
வரிசை கலையாமல் ஆற்றில் இறங்குகிறார்கள்.

சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
ஒரே இரவில் ஆகாது.
வெறிநோய் வைரஸ்
கடிபட்ட காலிலிருந்து மூளைக்கு
நரம்பு வழியே வாரக்கணக்கில் நடக்கும்,
அவசரமில்லாத தபால்காரன் மாதிரி.
அதன் சொத்தே மொத்தம் ஐந்து மரபணு.
அதை வைத்துக்கொண்டு நரியின் அச்சத்தைப் பறிக்கும்,
எச்சிலை விழுங்கவிடாது,
அவ்வளவுதான்.
ஆற்றுக்குப் போ என்று சொல்ல
ஆறு என்றால் என்னவென்று அதற்குத் தெரிய வேண்டாமா?

புழுவுக்கு நடக்கும், என்றேன்.
காட்டுக் கம்பளிப்புழு ஒன்று.
வைரஸின் ஒற்றை மரபணு அதை
மரத்தின் உச்சிக்கு ஏறவைக்கும்.
அங்கே தலைகீழாகத் தொங்கி, உருகி,
கீழிலைகளில் சொட்டும்.
கீழே அதன் கூடப்பிறந்தவை
தின்றுகொண்டிருக்கும்.

அவன் கண் விரிந்தது.
"அதையே மனிதருக்கு..."
உச்சிக்கு ஏற மனிதருக்கு வைரஸ் எதற்கு?
சிரித்தான். அதையும் குறித்துக்கொண்டான்.

பக்கம் நாற்பத்தொன்றில்
கூட்டம் இல்லை, ஆறு இல்லை.
ஒரு சமையலறை.
கரண்டி தட்டில் உரசும் சத்தத்துக்கு
ஒருத்தி தட்டைத் தூக்கிச் சுவரில் எறிகிறாள்.
கதவு என்ற சொல் கிடைக்காமல்
கதவையே பார்த்து நிற்கிறாள்.

இது ஒட்டவில்லையே, என்றேன்.

"அது மால்லே. என் தங்கை.
போன வருஷத்துக்கு முந்தின கோடையில்
பெர்ரி பறிக்கப் போனாள்.
முழங்காலுக்குப் பின்னால் ஓர் உண்ணி,
எள்ளைவிடச் சின்னது.
பதினோரு நாள் காய்ச்சல்.
அதற்கு முன்னால்
பூனையின் வாலை மிதித்தால்கூட
மன்னிப்புக் கேட்பவள்."

காப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது.

"இன்னும் உள்ளேதான் இருக்கிறதா?
தட்டை எறிவது அதுதானே?"

ஆமாம் என்றால் போதும்.
அவனுக்கு ஒரு வில்லன் கிடைத்துவிடுவான்.
ஆனால் அது எப்போதோ போய்விட்டது.
தட்டின்மேல் அதற்கு என்ன கோபம்?
மிச்சம் இருப்பது எரிந்த இடம்.
அங்கே தட்டுத்தடுமாறி நடப்பது
அவள்தான்.

இதைச் சொன்னேனா, எப்படிச் சொன்னேன்,
நினைவில்லை.
பேனாவின் மூடியைத் தேடியது நினைவிருக்கிறது.

வெகுநேரம் கழித்து அவனே கேட்டான்.
"ஒரே இரவு என்பதை
ஆறு வாரம் என்று மாற்றினால்?"

மாற்றலாம், என்றேன்.
ஆறு வாரம் என்றால் நம்பலாம்.