இரண்டு கூட்டல்

பிளாக்டவுன் மருத்துவமனை, மூன்றாம் மாடி.
ஜூலைக் குளிர். ஹீட்டர் ஒரு தோளை மட்டும் சுடுகிறது.
மூன்று நாற்காலிகள், என்னுடையது சற்றுப் பின்னால்.
நான் இங்கே இல்லை என்பதுதான் என் வேலை.
டாக்டர் "நான்" என்றால் நானும் "நான்" என்பேன்.
கமலாசனி "எனக்கு" என்றால்
எனக்கும் அப்படியே.

அறிக்கை இரண்டு பக்கம்.
ஈஸ்ட்ரோஜன் ஏற்பி: பாசிட்டிவ், தொண்ணூறு வீதம்.
கமலாசனியின் கை பையின் வாரை இறுக்கியது.
நமக்கு அந்தச் சொல் வந்தால்
டெங்கு, கொரோனா, யாரோ ஒருவருக்குத் தனியறை.
"இல்லை, இது நல்லது" என்கிறார் டாக்டர் மாவ்ராகிஸ்.
"இந்தக் கட்டிக்கு ஒரு வாசல் இருக்கிறது.
மாத்திரை போய் அதை அடைக்கும்."
வாசலை வாசல் என்றே சொன்னேன்.

நிணக்கணு: நெகட்டிவ். அதுவும் நல்லது.
புரோஜெஸ்டிரோன்: பாசிட்டிவ்தான், ஆனால் மெலிவு,
இன்னும் கூட இருந்திருக்கலாம்.
எது நல்லது எது கெட்டது என்று
ஒவ்வொரு வரிக்கும் என் முகத்தைப் பார்த்தார்.
முகத்தில் ஒன்றும் வைத்திருக்கக் கூடாது என்பது விதி.

கேஐ அறுபத்தேழு: இருபத்திரண்டு வீதம்.
பெருகத் தயாராய் நிற்கிற செல்கள்
நூற்றுக்கு இத்தனை.
"பெருகுது" என்றேன்.
பால் பெருகும், செல்வம் பெருகும், குலம் பெருகும்.
வாழ்த்துக்கென்று வைத்திருந்த சொல்லை எடுத்து
இங்கே போட்டுவிட்டேன்.
கைவசம் வேறு இருக்கவில்லை.

கடைசியாக ஹெர்-டூ: இரண்டு கூட்டல்.
மூன்று என்றால் உண்டு. ஒன்று என்றால் இல்லை.
இரண்டு என்றால் இன்னொரு சோதனை, பத்து நாள்.

"இரண்டு கூட்டல் எது?" என்று கேட்டார்.
கேட்டபடியே ஆங்கிலத்தில் கேட்டேன்.
டாக்டர் பேனாவை மூடினார்.
"எதுவுமில்லை. கூட்டல் அப்படியே நிற்கும்."

பிறகு எதிர்காலம் பற்றி ஒரு வாக்கியம் வந்தது.
"முன்கணிப்பு" என்று தொடங்கி, விட்டேன்.
மழைக்கும் தேர்தலுக்கும் சொல்வது அது.
"இனி எப்படிப் போகும் என்பதை" என்றேன்,
"இந்தப் புரதங்கள் கொஞ்சம் காட்டும், முழுக்க இல்லை."

கமலாசனி தலையாட்டினார்.
வெதரில் பார்க்கில் சோஸ் போத்தல் தொழிற்சாலை,
தரம் பார்க்கிற பகுதியில் பதினொரு வருஷம்.
"ஒரு பெட்டியில பத்தைத் திறந்து பார்த்துத்தான்
முழு லொறிக்கும் நாங்கள் கையெழுத்து வைக்கிறது.
சிலநேரம் பத்தும் பழுது, மிச்சமெல்லாம் திறம்.
சிலநேரம் மற்றப் பக்கமா.
டாக்டரிட்டைச் சொல்லுங்கோ, எனக்கு விளங்குது எண்டு."

சொன்னேன். லொறியையும் விடாமல்.
டாக்டர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்,
அது அணைந்து கிடந்தது.

லிஃப்டுக்கு முன்னால் என்னைப் பிடித்தார்.
வெளியே பேசக்கூடாது என்பதும் விதிதான்.
"தங்கச்சி, பெருகுது எண்டது
டாக்டர் சொன்ன சொல்லோ, நீங்கள் போட்டதோ?"
"நான் போட்டது, அக்கா."
"ம்."
கதவு திறந்து, யாருமில்லாமல் மூடியது.
"வேற ஒண்டு இருந்தால்
அடுத்த முறை கொண்டு வாங்கோ."

ரயிலில் தேடினேன்.
பல்குதல். அதுவும் வாழ்த்து.
இரட்டித்தல். கணக்குப் புத்தகம்.
செவன் ஹில்ஸ் தாண்டி, டூங்காபி தாண்டி,
இறங்க வேண்டிய பெண்டில் ஹில்லும் போய்விட்டது.
பத்தாம் நாள் காலை ஒன்பதரைக்கும்
என் பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள்.