நாலடிக் கிடங்கு

பதினொரு துவக்கு வைத்திருக்கிறான் தம்பி, ரொறன்ரோவில்.
கைபேசியில் ஒவ்வொன்றாய்த் தள்ளிக் காட்டினான்,
மற்றவர்கள் பிள்ளைகளின் படம் காட்டுவது மாதிரி.
பச்சைத் துணிமேல் படுத்துக்கிடந்தன.
மாதம் ஒருக்கால் ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைப்பானாம்.
ஞாயிறுகளில் நகருக்கு வெளியே,
காதுக்கு மூடி போட்டு, குப்புறப் படுத்து,
நூறு யார் தள்ளி நிற்கும் கடதாசியைச் சுடுவானாம்.
பிறகு எல்லாரும் கோப்பி குடிப்பார்களாம்.

"இது மட்டும் புதுசு அக்கா."
அந்தக் காலத்து அச்சு, போன வருஷத்து இரும்பு.
கட்டையில் கீறலும் கறையும்
ஆலையிலேயே போட்டுத் தருவார்கள்.
கீறாததைவிட இருநூறு டொலர் கூட.

நான் கிணற்றுக் கட்டைக் காட்டினேன்.
"அப்ப இதுக்கு எவ்வளவு தருவாங்கள்?"
சிரித்தான்.
கட்டிலிருந்த ஓட்டைகளை
பிறகு போய் விரலால் தொட்டுப் பார்த்தான்,
நான் குசினிக்குள் நிற்கிறேன் என்று நினைத்து.

வசாவிளானில் எங்கள் காணியை விட்டு ஆறு வருஷம்.
கண்ணிவெடி எடுக்கிற ஆட்கள் வந்து,
தடி நட்டு, கயிறு கட்டி,
ஒன்றுமில்லை என்று எழுதித் தந்த காணி.
அங்கேதான் கக்கூஸ் கிடங்கு வெட்ட
அல்பிரட் அலவாங்கோடு வந்தான்.
செம்மண் நாலடி. பிறகு ஒரு சத்தம்,
கல்லின் சத்தம் இல்லை.

"அடியாதை!" என்று கத்தினான் தம்பி.
பெரிய வீட்டுக்காரன், நாரி வருத்தக்காரன்,
கிடங்குக்குள் குதித்தான்.
கையால் மண்ணை ஒதுக்கினான்.
வாய்ப்பக்கம் யாரும் நிற்கவேண்டாம் என்றான்,
உள்ளே ஒன்று கிடக்கலாம்.

கட்டையைக் கறையான் தின்றுவிட்டது.
இரும்பு, தொட்டால் செதில் செதிலாய்.
அடித்தட்டுப் பித்தளை மட்டும் பச்சை பிடித்து மிச்சம்.
மண்ணெண்ணெயில் என் பல்துலக்கியைத் தோய்த்து
அரை மணித்தியாலம் தேய்த்தான்.
எழுத்து வந்தது. வருஷம் வந்தது: நாற்பத்திமூன்று.
லோங் பிராஞ்ச்.

அவன் கை நின்றது.
"அக்கா, நான் காலமை வேலைக்கு ரயிலேறுற ஸ்டேஷன்."

நான் போக முதல் இது வந்திட்டுது, என்றான்.
ஆலை எது, பரிசோதித்தவனின் முத்திரை எது,
எந்த மாற்றம் எந்த மாதம், எல்லாம் சொன்னான்.
"கடைசியா ஆரிட்ட இருந்தது?"
ஆமியா, இயக்கமா, பொலிஸா, இந்தியனா,
பயந்து தாட்டவனா, செத்தவனா?
அதுக்குப் புத்தகம் இல்லை அக்கா.

பித்தளையில் ஆணியால் கீறிய ஒரு எழுத்து.
சு.
பக்கத்தில் இன்னொன்றின் தொடக்கம், ஒரு கோடு,
பிறகு நேரமில்லாமல் போயிருக்கிறது.

அவன் போனைத் தூக்கினான். படம் எடுக்க.
வேண்டாம் என்றேன்.
வைத்துவிட்டான்.

விதானையாருக்குச் சொன்னோம்.
பொலிஸ் மூன்று பேர், மணல்மூட்டையோடு ஒரு ஜீப்.
பழைய துவக்கு ஒன்று என்று சிங்களத்தில் எழுதினார்கள்.
தம்பி திருத்தப் போனான், நான் காலை மிதித்தேன்.
பாஸ்போர்ட்டைப் புரட்டினார்கள்.
கனடாவில் என்ன வேலை?
லொறிக்கு பிரேக் திருத்துறது.
வேற?
வேற ஒண்டும் இல்லை.

பித்தளையைப் பார்க்காமலே சாக்கில் போட்டார்கள்.
ஒரு துண்டாவது தாங்கோ என்று கேட்டான்.
யாரும் தரவில்லை.

இரவு அவன் கைபேசியைத் திறக்கவில்லை.
சுந்தரம், சுகிர்தன், சுரேந்தினி என்று
நான்தான் படுத்துக்கிடந்து
தெரிந்த பெயர்களையெல்லாம் போட்டுப் பார்த்தேன்.
சுமதி என்று கூட.

விடிய அல்பிரட் வந்தான்.
நாலடி போதாது, பத்தடி வேணும் என்றான்.
அலவாங்கு இறங்கியது.
டங்.

"கல்லு," என்றான், குனிந்து பார்க்க முதலே.
நாங்கள் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம்.