காகிதப் பைக்குள் ஒரு கை

ட்ரோம்ஸோவில் மே கடைசியிலிருந்து
சூரியன் மலைக்குப் பின்னால்
போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை.
அந்த ஜூனில்தான் எனக்கு ஊசி போட்டார்கள்.

"மூன்று வாரம் வெயில் ஆகாது" என்றாள் ராக்ன்ஹில்ட்.
"ராத்திரி வெளியே வரலாமா?"
"எந்த ராத்திரி?" என்றாள்.

ஒரு தாளில் வளையம் வரைந்தாள்.
உள்முகமாய் நாலு நைட்ரஜன், நடுவில் ஓர் இருக்கை.
இரும்பு உட்கார்ந்தால் ரத்தம்.
மக்னீசியம் உட்கார்ந்தால் இலை.
"உங்களுக்குத் துத்தநாகம்."
இரும்புக்கு என்ன குறை என்றேன்.

இரும்பு, வாங்கிய ஒளியை அப்போதே தொலைத்துவிடுமாம்.
துத்தநாகம் சற்று நேரம் கையில் வைத்திருந்து
பக்கத்தில் வருகிற ஆக்சிஜனிடம் நீட்டும்.
வாங்கிய ஆக்சிஜனுக்கு வெறி பிடிக்கும்.
ஒரு செல்லின் அகலம்கூடத் தாண்டாது;
அதற்குள் எரித்துவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் அடங்கிவிடும்.

பதினெட்டு வருடம் பேருந்து ஓட்டியவள் நான்.
எல்லாரும் எல்லா நிறுத்தத்திலும் ஏறுவார்கள்,
கட்டியில் ஏறியவன் மட்டும் இறங்க மறப்பான்.
அந்த மறதியை நம்பித்தான்
நூல்போன்ற கண்ணாடி இழையைத் தொண்டைக்குள் விட்டார்கள்.
பன்னிரண்டு நிமிடம் சிவப்பு வெளிச்சம்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
வாயில் பிளாஸ்டிக் ருசி.

வீட்டு ஜன்னல்களில் மீன்பெட்டி அட்டை ஒட்டினேன்.
முழு இருட்டும் கூடாதாம்:
மங்கல் விளக்குதான் தோலில் தங்கிய மருந்தைக்
கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்று தீர்க்கும்.
இரவு இரண்டு மணிக்கு வெளியே
எய்லெர்ட் படகுக்குச் சாயம் பூசுகிற சத்தம்.
பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள்.
யாரையும் திட்ட முடியவில்லை.

இருபத்திரண்டாம் நாள் சோதனை.
காகிதப் பையில் ஓட்டை போட்டு, கையை விட்டு,
மதிய வெயிலில் பத்து நிமிடம் நீட்டச் சொன்னாள்.
பொறுக்கவில்லை. நள்ளிரவிலேயே நீட்டிவிட்டேன்.
மறுநாள் சிவக்கவில்லை என்று போன் செய்தால்
"அது கணக்கில் வராது, மதியம் என்றால் மதியம்" என்கிறாள்.

இன்று மதியம், கதவிடுக்கில் பை கட்டிய கை.
தெருவில் போன எய்லெர்ட்
என்னவென்று கேட்காமல்
பைமேலேயே கைகுலுக்கிவிட்டுப் போனான்.
ஒரு நிமிடம் கூடுதலாக நின்றேன்.

இப்போது விளக்கடியில் உட்கார்ந்திருக்கிறேன்.
புறங்கையில், ஓட்டை இருந்த இடத்தில்,
கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம்.
நாளை மதியம்வரை பார்க்க வேண்டும்,
அதில் இன்னும் யாராவது
உட்கார்ந்திருக்கிறார்களா என்று.