பன்னிரண்டாம் இடத்தில் ஓர் எழுத்து

திஸா ஆற்றின் ஓரங்கள் உறைந்திருந்த வாரம்
மூன்று மெழுகுக் கட்டிகள் என் மேசைக்கு வந்தன,
ஒவ்வொன்றும் கட்டைவிரல் நக அளவு.
பெருங்குடல். நிணநீர்க் கணு. கல்லீரல்.
பெயர் ஹல்மோஷ் எர்வின், வயது அறுபத்து மூன்று.
தொழில் என்ற இடத்தில் யாரோ மெனக்கெட்டு எழுதியிருந்தார்கள்:
ஸோல்னோக் சந்திப்பில் தண்டவாளம் மாற்றுபவர், ஓய்வு.

நெம்புகோலை இழுத்தால் இந்தப் பாதை,
விட்டால் அந்தப் பாதை.
உயிரணுவுக்குள்ளும் அப்படி ஒன்று உண்டு,
வளர் என்னும், பிறகு போதும் என்னும்.
எர்வினின் கட்டியில் அது
போதும் என்ற சொல்லை மறந்திருந்தது.
கேராஸ் மரபணு, பன்னிரண்டாம் இடம்,
ஓர் எழுத்து.
ஒற்று விழுந்து பொருள் மாறிய வரிபோல
அதன்பின் எல்லாவற்றையும்
தவறாகவே வாசித்துக்கொண்டிருந்தது.
அந்த ஓர் எழுத்தால்
இரண்டு மருந்துகளுக்குக் கதவடைத்தாயிற்று.

அது மூன்று துண்டிலும் இருந்தது.
நான் தேடியது வேறு:
கல்லீரலில் மட்டும் இருக்க வேண்டிய ஒன்று,
புறப்படு என்று சொன்ன மரபணு.
பதினோரு ஆண்டாகத் தேடுகிறேன்.
இந்த முறையும் அகப்படவில்லை.
போனவற்றிடமும் தங்கியவற்றிடமும்
ஏறக்குறைய அதே எழுத்துகள்.
பயணச்சீட்டு என்று தனியாக ஒன்றுமில்லை.

ஆனால் எதற்கும் உதவாத சின்னப் பிழைகள் இருக்கின்றன.
நோய்க்கும் வேண்டாம், மருந்துக்கும் வேண்டாம்.
எது எதிலிருந்து எப்போது பிரிந்தது என்பதை
அவைதான் சொல்லும்.
எண்ணி எண்ணி ஒரு மரம் வரைந்தேன்.
கிளை என்றால் உறவென்றும் பொருள்.
கணுவில் இருந்தது உச்சியில், நேற்று முளைத்த கிளை.
கல்லீரலில் இருந்தது
தரையை ஒட்டிப் பிரிந்திருந்தது.
கணு வழியாக அது போகவே இல்லை.
குடலின் ரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகும்,
ஸோல்னோக்கைத் தொட்ட தண்ணீர்
இங்கே செகெத்துக்கு வருவதுபோல.
யாரும் தள்ள வேண்டியதில்லை.

பிப்ரவரியில் எதெல்கா வந்தாள்.
என் மாடிக்கு நோயாளிகளின் வீட்டார் வருவதில்லை.
கையுறையைக் கழற்றாமலே கேட்டாள்:
"வாசித்தது நீங்கள்தானாமே?
ரத்தம் வந்ததை ஒரு வருஷம் மறைத்தார்.
துவைக்கும்போது பார்த்தேன். மூலம் என்றார்.
நானும் மூலம் என்றே இருந்துவிட்டேன்.
அந்த வருஷத்தில்தானே போனது?"

தாளை அவள் பக்கம் திருப்பினேன்.
மரம் தேதி சொல்லாது, வரிசைதான் சொல்லும் என்றேன்.
கட்டி கடுகளவாக இருந்தபோதே
இது கிளம்பியிருக்கக்கூடும்,
ரத்தம் வருவதற்கு வெகுகாலம் முன்பு,
எந்தக் கருவியும் கண்டிருக்காது என்றேன்.
ஆறுதல் சொல்லிவிட்டதாகவே நினைத்தேன்.

நெடுநேரம் பேசவில்லை.
பிறகு, "அப்படியானால்
அந்த வருஷத்தை நான் என்ன செய்வது?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை.
கீழே மூன்றாம் மாடியில்
அவருக்கு மருந்து சொட்டிக்கொண்டிருந்தது.
நாலு மணி நேரம் ஆகும்.
ஒரு ஜனவரி பற்றி அவளாகவே சொன்னாள்.
நெம்புகோல் திரும்பியிருக்கிறது,
அடியில் பனி அடைத்து, தண்டவாள நாக்கு
ஒரு விரற்கடை நகரவில்லை.
சரக்குப் பெட்டி ஒன்று, இருட்டில்,
தனியாக, வேறு தடத்தில் போய்விட்டது.
விடிந்து எண்ணும்போதுதான் ஒன்று குறைந்தது.
அன்றிலிருந்து பணப்பையில்
ஒரு பழைய உளி வைத்திருப்பார்.
இப்போதும் இருக்கிறது.

தாளின்மேல் குனிந்தாள்.
"இதில் அவர் எங்கே?"

அடிமரத்துக்கும் கீழே, வேரைத் தொட்டுக் காட்டினேன்.
கையிலிருந்து எடுத்த நல்ல ரத்தம்,
ஒப்பிட்டுப் பார்க்க வைத்தது,
கட்டியின் பிழை ஒன்றும் இல்லாதது.
அங்கே நான் எதுவும் எழுதியிருக்கவில்லை.

கையுறையைக் கழற்றினாள். பேனாவைக் கேட்டாள்.
மை சரியாக இறங்கவில்லை.
முதலெழுத்தை மட்டும்
இரண்டு முறை அழுத்தி எழுதினாள்.