பல் தடம்

ஐப்பசி முழுக்க வண்டி ஓடவில்லை என்றார்
அர்த்தனாரி, போனில்.
ரிசார்ட்டுக்குத் தடை வாங்கிவிட்டார்களாம்.
நாகலூர் மேட்டில் சில்வர் ஓக் அடியில் நிற்கிறது,
சாவியைத் திருகினால் ஒரு முனகல்கூட இல்லை.

குகையிலிருந்து விடியுமுன் கிளம்பி
இருபது வளைவும் ஏறினேன்,
பின்சீட்டில் ஈயம், கேஸ் டார்ச், நாலு நிறத்தில் வயர்ச் சுருள்.
மஞ்சக்குட்டை தாண்டியதும்
காபிக்குள் புகுந்து இறங்கியது ஒரு புது மண்பாதை,
கீழே நாலைந்து ஓட்டு வீடு வரைக்கும்.
போர்டு இல்லை, ஜல்லி இல்லை.
வெட்டிய கரையில் பக்கெட் பல் இழுத்த கோடுகள்:
இரண்டு, ஓர் இடைவெளி, இரண்டு.
மழை இன்னும் அழித்திருக்கவில்லை.
பார்த்தேன். கியரை மாற்றினேன்.

ஆபரேட்டர் மாதையன் காத்திருந்தான்
தலையில் துண்டும் கையில் பிளாஸ்க்குமாய்.
"பெருச்சாளி, பாய். மழைக்குப் பயந்து ஏறிருச்சு."

எலி வளையானாலும் தனி வளை என்பது சரிதான்.
இது இருபது டன் வளை.
சீட்டுக்குப் பின்னால் மூடியைக் கழற்றினால்
கிழிந்த பஞ்சு, மிளகுக்கொடி இலை,
சர்வீஸ் புத்தகத்தில் பாதி,
எலிக்கென்று யாரோ போட்ட அந்துருண்டையும்
கூட்டுக்குள் தலையணைபோல.

ஹார்னெஸ்ஸை மடிக்கு இழுத்து டேப்பை உரித்தேன்.
இதில் எதையும் அது தின்னவில்லை.
பசி என்றால் மன்னித்துவிடலாம்.
பல் வளர்ந்துகொண்டே இருக்கிறது, அரைத்தாக வேண்டும்,
அவ்வளவுதான்.
ஸ்டார்ட்டர் ரிலேயின் சிவப்பு,
பம்புக்குப் போகும் மஞ்சள்,
பச்சை வரி ஓடிய கறுப்பு.
மீட்டர் முனைகளை இரண்டு பக்கமும் வைத்து
கீச்சென்றால் உயிர் இருக்கிறது,
பேசாவிட்டால் தேடு.
உரித்து, முறுக்கி, ஈயம் ஓட்டி,
ஸ்லீவை ஏற்றித் தீ காட்டினால்
சுருங்கிப் பிடித்துக்கொள்ளும்
நனைந்த சட்டை முதுகைப் பிடிப்பதுபோல.
பனி வந்து கேபினை மூடியபோது
பதினெட்டு முடிந்திருந்தது.

பத்தொன்பதாவது வேறு.

மெல்லிய வெள்ளை வயர், ஹவர் மீட்டருக்குப் போவது.
மற்றதெல்லாம் கந்தல் கந்தலாய்க் கிடக்க
இது நேராக, ஒரே நெருக்கில்.
கட்டிங் பிளேயர்.
செம்பில் களிம்பும் இதில்தான் அதிகம்,
எலி குடிவருமுன்னே வெட்டியிருக்கிறது.
வெட்டிய இரண்டு முனைக்கும் டேப் சுற்றி
உள்ளே செருகியும் வைத்திருக்கிறது.
எந்த எலி டேப் சுற்றும்?

தலையைத் தூக்கினேன்.
மாதையன் பக்கெட் ஓரமாய் நின்றிருந்தான்.
ஐந்து பல் இருக்க வேண்டிய பக்கெட்.
நடுப்பல் இல்லை.

டீ ஊத்தவா என்றான்.
ஊத்து என்றேன்.
மூடியில் ஊற்றி நீட்டிக்கொண்டே
கேட்காத கேள்விக்குச் சொன்னான்:
"டீசல் என் காசு, பாய்."

வெள்ளை வயரையும் சேர்த்தேன்.
சேர்க்காமல் விட எனக்குக் கை வராது.
சாவியைத் திருகினான். கறுப்பாய் ஒரு புகை,
சில்வர் ஓக்கிலிருந்து சொட்டு மொத்தமாய் உதிர்ந்தது.
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளி ஆறு.
கடைசி எண் புரள ஆறு நிமிடம் ஆகும்.
இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்
பேருந்துக்கு நிற்பவர்கள் மாதிரி.
ஏழு.

பில் புத்தகத்தில் எழுதினேன்:
எலி சேதம், வயரிங், பத்தொன்பது இடம்.
கார்பன் தாளுக்கு அடியில்
நீலமாய் இன்னொரு முறை அதே.

இறங்கும்போது அர்த்தனாரி கூப்பிட்டார்.
"பத்தொம்பதா? அந்த எலிக்கு அப்படி
எவ்வளவு பெரிய பல்லு, பாய்?"

பெரிசுதான் என்றேன்.
நடுவில் ஒன்று இல்லாததைச் சொல்லவில்லை.